மலையில் ஹாம் கான்டெஸ்ட்: புதியவர்களும் அவர்களைக் கூட்டி வருபவர்களும் கேட்கும் கேள்விகள்

நீலகிரியிலும் பழனி மலையிலும் ஹாம் உரிமம், அதாவது பொழுதுபோக்காக வானொலி நிலையம் நடத்தும் உரிமம், வாங்குபவர்கள் குறைவு. வாங்கியவர்களில் கான்டெஸ்டில் உட்காருபவர்கள் அதைவிடக் குறைவு. ஒருமுறை உட்கார்ந்தவர்களில் பலர் இரண்டாவது முறை வருவதில்லை. முதல் போட்டிக்கு ஆள் சேர்ப்பது சுலபம். இரண்டாவதுக்கு வரவைப்பதுதான் வேலை. திரும்பத் திரும்பக் காதில் விழும் கேள்விகளைக் கேட்டவர்களின் வார்த்தையிலேயே கீழே தொகுத்திருக்கிறோம். முதல் 12 கேள்விகள் புதியவர்களுடையவை, மற்றவை அவர்களுக்கு நாற்காலி போடுபவர்களுடையவை.

1. கான்டெஸ்ட்னா என்ன சார்? யார் நல்லாப் பேசறாங்கன்னு பார்ப்பாங்களா?

பேச்சுக்கு அங்கே இடமே இல்லை. குறிப்பிட்ட நேரத்துக்குள் எத்தனை நிலையங்களைத் தொடர்புகொண்டீர்கள், எத்தனை நாடுகள், எத்தனை மண்டலங்கள் (போட்டிக்காக உலகைப் பிரித்து எண் கொடுத்த பகுதிகள்) என்பதுதான் கணக்கு. ஒரு தொடர்பு பத்து விநாடியில் முடியும். அவர் உங்களுக்கு ஒரு எண் சொல்வார், நீங்கள் அவருக்கு ஒன்று சொல்வீர்கள். இரண்டும் பிழையில்லாமல் பதிவாக வேண்டும், அவ்வளவுதான்.

பெரிய போட்டி சி.க்யூ. வேர்ல்டு வைடு. குரல் வழிப் போட்டி அக்டோபரின் கடைசி முழு வார இறுதியிலும், மோர்ஸ் வழிப் போட்டி நவம்பரின் கடைசி முழு வார இறுதியிலும் 48 மணி நேரம் நடக்கும். உலகப் பொது நேரமான யு.டி.சி.-படி சனி 00:00-க்குத் தொடக்கம் என்றால் நமக்குச் சனி காலை 5:30. முடிவது திங்கள் காலை 5:29. பள்ளிக்கூடப் பிள்ளைகள் இருந்தால் ஞாயிறு இரவை அவர்களுடைய கணக்கில் எழுதாதீர்கள்.

2. லைசென்ஸ் இன்னும் வரல. அதுவரைக்கும் சும்மா இருக்கணுமா?

12 வயது நிரம்பியவர் யாரும் தொலைத்தொடர்புத் துறை ஹாம் உரிமத்துக்கு நடத்தும் ஏ.எஸ்.ஓ.சி. தேர்வை எழுதலாம். விண்ணப்பம் சரல் சஞ்சார் இணையதளம் வழியாக. தேர்வுக்கும் உரிமம் கைக்கு வருவதற்கும் நடுவே மாதங்கள் ஓடிவிடுவதுண்டு. ஆர்வம் அடங்கிப்போவது பெரும்பாலும் இந்த இடைவெளியில்தான்.

உரிமம் இல்லாதவர் ஒலிபரப்பைத் தொடங்கும் பி.டி.டி. பொத்தானை அழுத்தக் கூடாது. ஆனால் கேட்பதற்குத் தடையில்லை. ஒரு கான்டெஸ்டில் ஒரு மணி நேரம் ரேடியோ பக்கத்தில் உட்கார்ந்து, காதில் விழும் கால் சைன்களையும் (ஒவ்வொரு நிலையத்துக்கும் உரிய அடையாளக் குறியீடு) எண்களையும் நோட்டில் எழுதுங்கள். சி.க்யூ. வேர்ல்டு வைடு பதிவுகள் பின்னால் பொதுவில் வெளியாகும். நீங்கள் எழுதியதை அந்த நிலையத்தின் பதிவோடு நிமிடம் நிமிடமாக ஒப்பிடுங்கள். எங்கே ‘பி’-யை ‘டி’-யாகக் கேட்டீர்கள், எங்கே ‘5’-ஐ ‘9’ என்று எழுதினீர்கள் என்பது வெட்ட வெளிச்சமாகத் தெரியும். இந்தப் பயிற்சி செய்தவர் முதல் நாளே மற்றவர்களைவிடத் தெளிவாகப் பதிவு செய்வார்.

3. எவ்ளோ செலவாகும்? லட்ச ரூபாய் ரிக் இருந்தாத்தான் முடியுமா?

வேண்டியதில்லை. பழைய 100 வாட் ரிக் (ஒலிபரப்பவும் கேட்கவும் உதவும் ரேடியோ) ஒன்று, 13.8 வோல்ட் பவர் சப்ளை, கம்பி ஆன்டெனா, காதை மூடும் ஹெட்செட், ஒரு பழைய மடிக்கணினி போதும். பதிவுக்கு என்.1.எம்.எம். லாகர் பிளஸ் இலவசம், விண்டோஸில் ஓடும். ஹைதராபாத்தின் அஷ்ஹர் ஃபர்ஹான் வடிவமைத்த மைக்ரோ பிட்எக்ஸ் மாதிரியான 10 வாட் கிட்டை வைத்தும் 10, 15 மீட்டர் பட்டைகளில் (அலைநீளத்தால் அழைக்கப்படும் அலைவரிசைத் தொகுதிகள்) ஜப்பானையும் ஐரோப்பாவையும் பிடிக்கலாம். என்ன, பொறுமை கொஞ்சம் கூடுதலாக வேண்டும்.

ரிக்கில் போடும் காசில் பாதியை ஆன்டெனாவுக்கும் கேபிளுக்கும் திருப்புவது புத்திசாலித்தனம். மெல்லிய ஆர்.ஜி.58 கேபிள் 30 மீட்டர் ஓடினால் 28 மெகாஹெர்ட்ஸில் ஏறத்தாழ 40 சதவீத சக்தி வழியிலேயே சூடாகப் போய்விடும். அதே நீளத்துக்குத் தடித்த ஆர்.ஜி.213 போட்டால் இழப்பு பாதிக்குப் பக்கமாகக் குறையும்.

4. டவர் போட இடமில்ல, லைன் வீடு. என்ன ஆன்டெனா கட்டலாம்?

முதல் ஆன்டெனாவாக எண்ட்-ஃபெட் ஹாஃப் வேவ் கட்டுங்கள். ஒரே கம்பி 40, 20, 15, 10 மீட்டர் நான்கிலும் வேலை செய்யும், ஏனென்றால் அவற்றின் அலைவெண்களான 7, 14, 21, 28 மெகாஹெர்ட்ஸ் எல்லாம் 7-இன் மடங்குகள். வீட்டு ஒயரிங் கம்பியை 20.5 மீட்டர் வெட்டுங்கள். ஊட்டும் முனையில் எஃப்.டி.240-43 டோராய்டில் 2 சுற்றுக்கு 14 சுற்று, அதாவது 49-க்கு 1 ட்ரான்ஸ்ஃபார்மர். 2 சுற்றுப் பக்கத்தில் 100 பிகோஃபாரட் உயர் வோல்ட் கெப்பாசிட்டர் ஒன்று. பிறகு மறுமுனையைச் சிறிது சிறிதாக மடித்துக்கொண்டே 7.1 மெகாஹெர்ட்ஸில் எஸ்.டபிள்யூ.ஆர். (ஆன்டெனாவிலிருந்து சக்தி எவ்வளவு திரும்பி வருகிறது என்று காட்டும் அளவு) குறையும் இடத்தைப் பிடியுங்கள். வெட்டாதீர்கள், மடியுங்கள். வெட்டியதை ஒட்ட முடியாது.

மைக்கில் கரகரப்பு, மடிக்கணினி மவுஸ் தானாக ஓடுவது என்றெல்லாம் வந்தால் கேபிளின் வெளிப்பக்கத்தில் ரேடியோ சக்தி (ஆர்.எஃப்.) திரும்பி வருகிறது என்று அர்த்தம். ட்ரான்ஸ்ஃபார்மரிலிருந்து இரண்டு மூன்று மீட்டர் தள்ளி, அந்தக் கேபிளை ஒரு ஃபெரைட் வளையத்தில் பத்துப் பன்னிரண்டு சுற்று சுற்றுங்கள்.

தூணுக்கு எஸ்டேட்டில் நிற்கும் சில்வர் ஓக் அருமையானது. கிளை குறைவு, நேராக வளரும். அனுமதி கேட்டுவிட்டு, உண்டிவில்லில் மீன் தூண்டில் நரம்பும் ஈயக் குண்டும் வைத்து அடித்து, அதில் நைலான் கயிற்றை இழுங்கள். காற்றில் மரம் ஆடும், ஆகவே கயிற்றை இறுகக் கட்டாமல் கப்பி வழியாக விட்டு நுனியில் ஒரு பாட்டில் மணலைத் தொங்கவிடுங்கள். கற்பூர மரத்தில் கட்ட வேண்டாம். காற்று மழையில் கிளையோடு கம்பியும் போகும். காட்டெருமை நடமாடும் குன்னூர், கொடைக்கானல் பக்கத் தோட்டங்களில் கம்பியின் தாழ்ந்த பகுதி மூன்று மீட்டருக்குக் கீழே வரக் கூடாது. கொம்பில் சிக்கினால் ஆன்டெனா போவதோடு நிற்காது.

அடுத்த வருடம் ஒரு படி மேலே போக ஆசை வந்தால் 10 மீட்டருக்குத் தனி டைபோல். மொத்தம் 5 மீட்டர்தான், மூங்கிலில் கட்டிக் கையாலேயே திருப்பலாம். திருப்பியே ஆக வேண்டும். இங்கிருந்து நடு ஐரோப்பா சுமார் 320 டிகிரி, டோக்கியோ சுமார் 55 டிகிரி. ஒன்றுக்கு நேராக வைத்தால் மற்றது கம்பியின் நுனிப் பக்கம் விழுந்து மங்கிவிடும்.

5. நாங்க 2,000 மீட்டர் உயரத்துல இருக்கோம். அதனாலேயே சிக்னல் நல்லா போகும்தானே?

2 மீட்டர் போன்ற வி.எச்.எஃப். பட்டைகளில் ஆமாம். சமவெளியிலிருந்து 2,000 மீட்டர் மேலே இருந்தால் ரேடியோ அடிவானம் சுமார் 180 கிலோமீட்டர். கொடைக்கானலிலிருந்து கைக்கருவியில் மதுரையைப் பிடிப்பது இதனால்தான். ஆனால் 10, 20, 40 மீட்டர் போன்ற எச்.எஃப். பட்டைகளில் கடல் மட்டத்துக்கு மேல் எத்தனை மீட்டர் என்பதால் பெரிய பலனில்லை. 2,637 மீட்டர் தொட்டபெட்டாவாக இருந்தாலும் சரி, மேட்டுப்பாளையமாக இருந்தாலும் சரி, அலையைத் திருப்பி அனுப்பும் அயனி மண்டலம் அதைவிட நூறு மடங்கு உயரத்தில் இருக்கிறது.

பலன் தருவது சரிவு. நீங்கள் பேச விரும்பும் திசையில் நிலம் சரிந்து இறங்கினால் அலை தாழ்ந்த கோணத்தில் புறப்படும், தொலைதூரம் நன்றாகப் போகும். கோடநாடு போல வடக்கே மாயாற்றுப் பள்ளத்தாக்கைப் பார்க்கும் இடங்கள் இதனால் கான்டெஸ்டுக்கு நல்லவை. தெற்கைப் பார்க்கும் கொடைக்கானல் செங்குத்துகள் காட்சிக்கு அழகு, ஐரோப்பாவுக்கு உதவாது. கேத்தி மாதிரிப் பள்ளத்தாக்கின் அடியில் வீடு என்றால், கைப்பேசியில் சாய்வுமானி செயலியைத் திறந்து 320 டிகிரியில் உள்ள மலைமுகட்டின் கோணத்தை அளந்து பாருங்கள். 10 டிகிரிக்குள் என்றால் பயமில்லை. 20-ஐத் தாண்டினால் மாமன் மச்சான் வீடு ஏதாவது மேட்டில் இருக்கிறதா என்று யோசிக்கலாம்.

முத்தோரை ரேடியோ தொலைநோக்கிக்குப் பக்கத்தில் முகாம் போட வேண்டாம். 530 மீட்டர் நீளமுள்ள அந்தக் கருவி 326.5 மெகாஹெர்ட்ஸில் வானத்தின் மிக மெல்லிய சத்தத்தைக் கேட்கிறது. நம் ரிக்கைவிட நாம் கொண்டுபோகும் மலிவு ஜெனரேட்டரும் சார்ஜர்களும் அதற்கு அதிகத் தொல்லை. வேறு முகடு இல்லாமலா போய்விட்டது?

6. ரேடியோவ ஆன் பண்ணினா ‘ஸ்ஸ்ஸ்’னு இரைச்சல் மட்டும்தான். சில நேரம் ‘டிக் டிக்’னு வேற கேக்குது.

முதலில் ரிக்கை பேட்டரியில் ஓடவிட்டு வீட்டு மெயின் சுவிட்சை அணையுங்கள். சிக்னல் பலத்தைக் காட்டும் எஸ்-மீட்டர் இறங்கினால் குற்றவாளி வீட்டுக்குள்தான். எல்.இ.டி. பல்பு, டிவி செட்டாப் பெட்டி, கைப்பேசி சார்ஜர், இன்வெர்ட்டர் என்று ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள். இறங்கவில்லை என்றால் ஒரு சின்ன ஏ.எம். ரேடியோவோடு தெருவில் நடங்கள்.

சரியாக விநாடிக்கு ஒருமுறை ‘டிக்’ என்றால் அது யானைக்கும் பன்றிக்கும் போட்ட சோலார் மின்வேலி. வேலி ஒழுங்காக இருந்தால் சத்தம் குறைவு. ஈரப்புல்லோ கொடியோ கம்பியைத் தொட்டுப் பொறி பறந்தால்தான் இப்படிக் கேட்கும். வேலிக்காரரிடம் சொல்லிப் புல்லை வெட்டச் சொன்னால் அவருக்கும் லாபம், ஏனென்றால் பொறி பறக்கும் வேலியில் ஷாக் இருக்காது. தேயிலைத் தொழிற்சாலை பக்கத்தில் இருந்தால் வாட்டும் தொட்டி விசிறிகளின் வேகக்கட்டுப்பாட்டுப் பெட்டிகள் இரவெல்லாம் இரையும். அதை நீங்கள் நிறுத்த முடியாது. ஆன்டெனாவைத் தொழிற்சாலைக்கு எதிர்ப்பக்கம் நகர்த்துவது ஒன்றே வழி.

7. கூப்பிட்டா என்ன சொல்லணும்? வாய் குழறுது.

எதிர்முனையில் இருப்பவர் “சி.க்யூ. கான்டெஸ்ட்” என்று பொது அழைப்பு விடுப்பார். நீங்கள் உங்கள் கால் சைனை மட்டும், ஒரே முறை, ஒலிப்பு எழுத்துகளில் சொல்லுங்கள்: “விக்டர் யூனிஃபார்ம் த்ரீ…” என்று. அவருடைய கால் சைனைத் திரும்பச் சொல்ல வேண்டாம், அவருக்குத் தன் பெயர் தெரியும். அவர் ஜப்பானியர் என்றால் உங்கள் கால் சைனைச் சொல்லி “ஃபைவ் நைன் டூ ஃபைவ்” என்பார். 59 என்பது ‘நன்றாகக் கேட்கிறது’ என்ற சிக்னல் அறிக்கை. ஜப்பானின் மண்டலம் 25. நீங்கள் “ஃபைவ் நைன் டூ டூ” என்று சொன்னால் முடிந்தது, நாம் இருப்பது 22. அவர் கால் சைனைத் தப்பாகச் சொன்னால் மட்டும் எண்ணைத் தருவதற்கு முன் திருத்துங்கள்.

அட்டையில் பெரிய எழுத்தில் கால் சைனையும் ‘59 22’-ஐயும் எழுதி ரிக்கின் மேல் ஒட்டிவையுங்கள். பதற்றத்தில் சொந்தக் கால் சைனே மறந்துபோவது சகஜம். எண் போட்டிக்குப் போட்டி மாறும்: ஜூலையின் ஐ.ஏ.ஆர்.யு. போட்டியில் இன்னொரு மண்டலக் கணக்கான ஐ.டி.யு.-படி 41, செப்டம்பரின் ஆல் ஏஷியன் குரல் போட்டியில் உங்கள் வயது, சி.க்யூ. டபிள்யூ.பி.எக்ஸ்.-இல் 1, 2, 3 என்று ஏறிக்கொண்டே போகும் வரிசை எண்.

8. இங்கிலீஷ் சரியா வராது அண்ணா. சிரிப்பாங்களா?

மாட்டார்கள். எதிர்ப்பக்கத்தில் இருக்கும் ஜப்பானியருக்கும் ரஷ்யருக்கும் இத்தாலியருக்கும் அதே நிலைதான். 26 ஒலிப்பு எழுத்துகள், பத்து எண்கள், “அகெய்ன்”, “ரோஜர்”, “தேங்க் யூ”. இதற்கு மேல் 48 மணி நேரத்திலும் தேவைப்படாது.

9. கத்திக் கத்திக் கூப்பிட்டேன், ஒருத்தரும் திரும்பல.

அநேகமாக நீங்கள் கூப்பிட்ட நிலையம் தவறு, அல்லது நேரம் தவறு. நூறு பேர் கூப்பிடும் அரிய நிலையத்தில் நின்று அரை மணி நேரம் வீணாக்குவதுதான் புதியவர்கள் செய்யும் முதல் வேலை. எஸ்-மீட்டரில் 9-க்கு மேல் கேட்கிற, யாரும் திரும்பாமல் திரும்பத் திரும்ப “சி.க்யூ.” போடுகிற நிலையத்தைத் தேடுங்கள். போட்டி தொடங்கிய முதல் சில மணி நேரத்தைவிட ஞாயிறு மதியத்துக்கு மேல் சுலபம். பெரிய நிலையங்கள் அப்போது புதிய கால் சைனுக்காக ஏங்கிக்கொண்டிருக்கும்.

நேரத்துக்குத் தோராயக் கணக்கு, அக்டோபர்-நவம்பரில்: காலையில் 10, 15 மீட்டரில் ஜப்பானும் ஆஸ்திரேலியா பக்கமும், மதியத்திலிருந்து மாலை வரை அதே பட்டைகளில் ஐரோப்பா, பொழுது சாய்ந்ததும் 20, பிறகு 40. சூரியனின் 25-ஆம் சுழற்சியின் உச்சம் 2024-ஐ ஒட்டி வந்துபோனது. சூரியப் புள்ளிகள் குறையக் குறைய 10 மீட்டர் திறக்கும் நாட்களும் குறையும், எடை 15-க்கும் 20-க்கும் நகரும். 1899-இல் தொடங்கிய சூரிய ஆய்வகம் கொடைக்கானலிலேயே இருக்கிறது. பிள்ளைகளைக் கூட்டிப்போய்ப் புள்ளிகளைக் காட்டிவிட்டு ரேடியோ முன் உட்காரவைத்தால் பாதிப் பாடம் முடிந்தது.

10. நானே சி.க்யூ. போட்டேன், ஒரே நேரத்துல இருபது பேர் கத்தினாங்க. பயந்து ஆஃப் பண்ணிட்டேன்.

மண்டலம் 22-இல் இந்தியா, இலங்கை, நேபாளம், பூட்டான், வங்கதேசம், மாலத்தீவு அடங்கும். அங்கிருந்து ஒழுங்காகக் கான்டெஸ்டில் இறங்குபவர்கள் குறைவு, அதனால் உங்கள் குரல் கேட்டாலே கூட்டம் மொய்க்கும். பலர் ஒரே நேரத்தில் கூப்பிடும் இந்த பைல்-அப்பில் முழுக் கால் சைனைப் பிடிக்க முயலாதீர்கள். காதில் விழுந்த இரண்டு எழுத்தைச் சொல்லி, “அது மட்டும்” என்று நிறுத்துங்கள். அவர் முடியும்வரை வேறு யார் எவ்வளவு சத்தமாக வந்தாலும் திரும்பாதீர்கள். ஒருமுறை சத்தக்காரருக்கு வளைந்துகொடுத்தால் எல்லாரும் சத்தக்காரர்கள் ஆகிவிடுவார்கள்.

28.6 மெகாஹெர்ட்ஸுக்கு மேலே போய் சி.க்யூ. போட்டால் கூட்டமும் குறையும், இடமும் கிடைக்கும். பழகியபின் கீழே வாருங்கள்.

11. அக்டோபர் நவம்பர்னா மழை, இடி, கரண்ட் கட். எப்படி சமாளிக்கறது?

இடி காதில் கேட்டால் நிறுத்துங்கள், இதில் பேரம் கிடையாது. கேபிளை ரிக்கிலிருந்து கழற்றி ஜன்னலுக்கு வெளியே போடுங்கள். கழற்றி மேசைமேல் வைப்பது பாதுகாப்பில்லை.

மின்சாரத்துக்குக் கணக்கு இது. 50 வாட்டில் குரல் வழியில் அனுப்பும்போது சராசரி 6 ஆம்பியர், கேட்கும்போது 1 ஆம்பியர். நேரத்தில் 40 சதவீதம் அனுப்பினால் மொத்தச் சராசரி 3 ஆம்பியர், 24 மணி நேரத்துக்கு 72 ஆம்பியர்-மணி. இன்வெர்ட்டரின் 150 ஆம்பியர்-மணி ட்யூபுலர் பேட்டரியை நேரடியாக ரிக்கோடு இணைத்தால் தாராளம். இன்வெர்ட்டர் வழியாக ஏ.சி. ஆக்கி மறுபடி டி.சி. ஆக்காதீர்கள், இழப்பும் இரைச்சலும்தான் மிச்சம். ஊட்டிக் குளிரில் லெட்-ஆசிட் பேட்டரியின் கொள்ளளவு குறையும், அறைக்குள் வையுங்கள். லித்தியம் அயர்ன் பாஸ்பேட் என்றால் உறைபனி விழும் விடியலில் சார்ஜ் போடக் கூடாது. பூஜ்ய டிகிரிக்குக் கீழே சார்ஜ் ஏற்றினால் செல் நிரந்தரமாகக் கெடும்.

மூடுபனியில் கம்பி நனைந்தால் எஸ்.டபிள்யூ.ஆர். கொஞ்சம் நகரும், அது இயல்பு. காய்ந்த பிறகும் இறங்காவிட்டால் இணைப்பில் தண்ணீர் போயிருக்கிறது. இணைப்புகளைத் தானாக ஒட்டும் ரப்பர் டேப்பால் சுற்றி, கேபிள் ட்ரான்ஸ்ஃபார்மருக்குக் கீழிருந்து ஏறுமாறு ஒரு தொங்கல் விட்டால் நீர் சொட்டிப்போகும்.

12. இருபத்திரண்டு காண்டாக்ட்தான் கிடைச்சுது. இத அனுப்பினா அசிங்கமில்லையா?

அனுப்புங்கள். இந்தக் கேள்விக்கு ‘பரவாயில்லை, விடு’ என்று பதில் சொன்ன மூத்தவர்களால்தான் நாம் பலரை இழந்தோம். பதிவு அனுப்பாதவருக்கு முடிவுப் பட்டியலில் பெயர் வராது. பெயர் வராதவருக்கு அடுத்த வருடம் தன்னை முந்திக்கொள்ள ஒன்றுமில்லை. தவிர, பங்கேற்பு குறைவாக இருக்கும் பிரிவில் சின்னப் பதிவுகூட நாட்டளவில் இடம் பிடிக்கலாம்.

சி.க்யூ. வேர்ல்டு வைடுக்குக் கெடு போட்டி முடிந்து 5 நாள். மென்பொருளிலிருந்து போட்டிகள் ஏற்கும் கேப்ரில்லோ வடிவக் கோப்பை எடுத்து இணையதளத்தில் ஏற்றினால் போதும். உரிமம் பெற்று மூன்று வருடத்துக்குள் என்றால் ‘ரூக்கி’ என்றும், 25 வயதுக்குள் என்றால் ‘யூத்’ என்றும் குறிக்க மறக்காதீர்கள். இரண்டு நாளும் உட்கார முடியாத குடும்பஸ்தர்களுக்கு ‘கிளாசிக்’ பிரிவு உண்டு: ஒரே ரேடியோ, வெளி உதவி கிடையாது, 24 மணி நேரம் மட்டும் கணக்கு.

13. எங்க கிளப்ல புதுசா வந்த பையன லாகிங் பண்ண வச்சோம். அடுத்த தடவை வரல. ஏன்?

நீங்களே பதிலைச் சொல்லிவிட்டீர்கள். இரண்டு நாள் வேறொருவர் பேசுவதைத் தட்டச்சு செய்ய யார் வருவார்கள்? அவனுக்கு உரிமம் இருந்தால் வந்த முதல் மணி நேரத்திலேயே மைக்கைக் கொடுத்திருக்க வேண்டும்.

இப்படிச் செய்து பாருங்கள். ஒரு முறைக்கு 45 நிமிடம், இருவர் இருவராக. ஹெட்போனுக்கு ஒரு பிரிப்பான் போட்டு இருவரும் ஒரே ஒலியைக் கேளுங்கள். முதல் 15 நிமிடம் புதியவர் கேட்டு எழுதுகிறார், மூத்தவர் பேசுகிறார். அடுத்த 30 நிமிடம் புதியவர் பேசுகிறார், மூத்தவர் கையைக் கட்டிக்கொண்டு உட்காருகிறார். புதியவர் இரண்டு முறை கேட்டும் பிடிக்காத கால் சைனை மட்டும் காகிதத்தில் எழுதிக் காட்டலாம். மைக்கைப் பிடுங்கக் கூடாது, டயலைத் தொடக் கூடாது. ஒரு மணி நேரத்துக்கு 60 தொடர்பு எடுக்கும் மூத்தவர் 15 எடுக்கும் பிள்ளையைப் பார்த்துப் பொறுமையாக உட்காருவது கடினம்தான். முடியாதவர் சமையலுக்குப் போகட்டும். வரக்கியும் சூடான டீயும் போட்டுத் தருபவர் ஸ்கோரைக் கெடுப்பதில்லை.

எந்த 45 நிமிடம் என்பதும் முக்கியம். நல்ல நேரத்தையெல்லாம் மூத்தவர்கள் எடுத்துக்கொண்டு, இடிச்சத்தம் நிறைந்த 80 மீட்டரின் அதிகாலை 3 மணியைப் புதியவருக்குத் தள்ளினால் அவருக்குக் கேட்பது இரைச்சல் மட்டும். சனி மாலை 4 மணி, 10 அல்லது 15 மீட்டர், ஐரோப்பா திறந்திருக்கும் நேரம்: அதைக் கொடுங்கள். கிளப்பின் ஸ்கோர் கொஞ்சம் குறையும், குறையட்டும்.

14. போட்டி முடிஞ்சதும் எல்லாரும் காணாமப் போயிடறாங்க. ரிசல்ட் வர மாசக்கணக்குல ஆகுதே, அதுவரைக்கும் என்ன பண்றது?

முடிந்த அன்றே மூன்று காரியம். ஒன்று, எல்லாருடைய பதிவையும் ஒன்றாக உட்கார்ந்து அனுப்பிவிடுவது. 5 நாள் கெடுவை வீட்டில் போய்ப் பார்க்கலாம் என்று விட்டால் பாதிப் பேர் அனுப்ப மாட்டார்கள். இரண்டு, ஒவ்வொருவரும் தன் தொலைதூரத் தொடர்பு எது, புதிய நாடு எது என்று சொல்வது. மூன்று, கலையும் முன் அடுத்த தேதியைக் குறிப்பது. ‘அடுத்த வருஷம் பார்ப்போம்’ என்று பிரிந்தவர்கள் அடுத்த வருடம் பார்ப்பதில்லை.

இடைவெளி ஆறு வாரத்தைத் தாண்டக் கூடாது என்பது எங்கள் கணிப்பு. செப்டம்பர் முதல் வாரம் ஆல் ஏஷியன், அக்டோபர் முதல் வார இறுதியில் ஓஷியானியா, கடைசியில் சி.க்யூ. வேர்ல்டு வைடு என்று தானாகவே தொடர் அமைந்திருக்கிறது. மார்ச் கடைசியில் டபிள்யூ.பி.எக்ஸ். இருக்கிறது. இளையவர்களுக்கு 12 மணி நேர யோட்டா (யங்ஸ்டர்ஸ் ஆன் தி ஏர்) போட்டிகள் வருடத்தில் மூன்று. அங்கே பரிமாறுவது வயது, சிறியவர்களைத் தொடர்புகொண்டால் புள்ளி அதிகம். 14 வயதுப் பெண்ணை உலகமே தேடி வரும் போட்டி வேறு எது? முடிவுகள் வந்ததும் பதிவுச் சோதனை அறிக்கையையும் எடுத்து, எந்தக் கால் சைன் ஏன் தவறியது என்று ஒரு மாலை உட்கார்ந்து பாருங்கள். கேள்வி 2-இல் சொன்ன நோட்டுப் பயிற்சியின் பெரிய வடிவம் இது.

15. பசங்க எல்லாம் எஃப்.டி.8 பக்கம் போயிட்டாங்க. கம்ப்யூட்டரே பேசிக்குது. இத கான்டெஸ்ட்னு சொல்லலாமா?

சொல்லலாம். ஆகஸ்ட் கடைசி முழு வார இறுதியில் வேர்ல்டு வைடு டிஜி போட்டி 24 மணி நேரம் நடக்கிறது, கணினி வழியே குறுஞ்செய்தி பரிமாறும் எஃப்.டி.8-உம் எஃப்.டி.4-உம் மட்டும். பரிமாறுவது கட்டம், அதாவது இருப்பிடத்தைக் குறிக்கும் வரைபடக் குறியீடு: நீலகிரி எம்.கே.81, கொடைக்கானல் எம்.கே.80. தூரத்துக்கு ஏற்பப் புள்ளி, 3,000 கிலோமீட்டருக்கு ஒன்று கூடும். சிறிய ஆன்டெனா, இரைச்சலான வீடு, பேசக் கூச்சம் ஆகிய மூன்றும் உள்ளவருக்கு இது நல்ல வாசல். அதைக் கேலி செய்து விரட்டினால் அவர் குரலுக்கு வரப்போவதில்லை, ரேடியோவையே விட்டுவிடுவார். ஒரு எச்சரிக்கை: எஃப்.டி.8 தொடர்ந்து முழுச் சக்தியில் அனுப்பும். கேள்வி 4-இன் டோராய்டு சூடாகும், 30 வாட்டுக்குக் கீழே வையுங்கள்.

16. பக்கத்துல உக்காந்து சொல்லிக்குடுத்தா அவன் ‘சிங்கிள் ஆப்பரேட்டர் ரூக்கி’யா அனுப்பலாமா?

கூடாது. தனி ஆப்பரேட்டர் என்றால் இயக்குவதும் பதிவதும் ஒரே ஆள். பக்கத்தில் இருந்து கால் சைன் பிடித்துக் கொடுத்தால் அது மல்டி-ஆப்பரேட்டர். ரூக்கி பிரிவு தனி ஆப்பரேட்டருக்கு மட்டும். ஆகவே முதல் போட்டியைக் கிளப்பின் மல்டி-ஆப்பரேட்டராகச் செய்யுங்கள், கேள்வி 13-இல் சொன்னபடி. அடுத்ததில் அவரை அவர் வீட்டில் தனியாக விடுங்கள், ரூக்கி பெட்டியை டிக் செய்யச் சொல்லுங்கள். ஆன்டெனா கட்ட, கணினி அமைக்க முதல் நாள் உதவலாம். போட்டி தொடங்கியபின் போன் போட்டு ‘21.295-இல் இன்ன நாடு இருக்கு’ என்று சொல்லாதீர்கள்.

17. வி.யு.3 காரர் வி.யு.2 ஸ்டேஷன்ல உக்காந்தா எவ்ளோ பவர் போடலாம்?

வி.யு.3 என்பது ரெஸ்ட்ரிக்டட் தர உரிமம், வி.யு.2 அதற்கு மேலான ஜெனரல் தரம். பாதுகாப்பான வழி, மைக்கைப் பிடித்திருப்பவரின் உரிமத்தில் உள்ள எல்லைக்குள் இருப்பது. ரெஸ்ட்ரிக்டட் தரத்தின் எல்லைக்கு ரிக்கை இறக்கி, ஆள் மாறும்போது ஏற்றுங்கள். இல்லையென்றால் முழுப் போட்டியையும் அந்தச் சக்தியிலேயே நடத்துங்கள். 100 வாட்டுக்கும் 50-க்கும் வித்தியாசம் எஸ்-மீட்டரில் அரைப் புள்ளி. உரிமத்தில் எழுதிய முகவரிக்கு வெளியே நிலையம் அமைப்பதானால் அதன் நிபந்தனையைப் படித்து, தேவையான அனுமதியை முன்கூட்டியே வாங்குங்கள்.

18. லாக்ல தப்பா இருக்கற கால் சைன நெட்ல தேடித் திருத்திட்டு அனுப்பினா என்ன?

விதிமீறல். போட்டி முடிந்தபின் தரவுத்தளமோ ஒலிப்பதிவோ வைத்துத் திருத்தக் கூடாது. ஓடும்போதே சந்தேகம் வந்தால் “அகெய்ன்” கேட்டுத் திருத்துங்கள். தவறாகப் பதிந்த கால் சைனுக்குப் புள்ளி போவதோடு தண்டமும் உண்டு.

19. வீட்டுல அப்பா, அம்மா, நான் மூணு பேருக்கும் லைசென்ஸ் இருக்கு. ஒரே ரிக்ல மாத்தி மாத்தி கிளப்புக்கு காண்டாக்ட் குடுக்கலாமா?

ஒருவருக்கொருவர் புள்ளி சேர்க்கத் தயாரிக்கும் தொடர்பு என்றால் கூடாது. மூவரும் உண்மையாகவே உட்கார்ந்து ஆளுக்கொரு பதிவு செய்து அனுப்பினால் நல்லதே. சி.க்யூ. வேர்ல்டு வைடில் சொந்த நாட்டுத் தொடர்புக்குப் புள்ளி பூஜ்யம், மொத்தப் புள்ளியைப் பெருக்கும் நாடு, மண்டலக் கணக்கில் மட்டும் பட்டைக்கு ஒருமுறை வரும். இந்த வித்தை பலனும் தராது.

20. கோயம்புத்தூர், திண்டுக்கல் நண்பர்கள கூப்பிட்டு மேல முகாம் போடலாம்னு இருக்கோம். எத கவனிக்கணும்?

2024 மே மாதத்திலிருந்து நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் வேண்டும், முன்பே எடுக்கச் சொல்லுங்கள். வனத்துறை நிலத்தில் அனுமதியில்லாமல் ஒரு கயிறுகூடக் கட்டாதீர்கள். எஸ்டேட், பள்ளி, தெரிந்தவர் வீடு ஆகியவையே வசதி. பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில் மலையில் தடை. அதனால் கேள்வி 4-இன் மணல் பாட்டிலைக்கூடப் பழையதாக வீட்டிலிருந்தே தேடுங்கள். கொடைக்கானலில் 100.5 மெகாஹெர்ட்ஸ் எஃப்.எம். கோபுரத்துக்கு அருகே 2 மீட்டர் கைக்கருவிகள் செவிடாகும், முகாமின் உள்தொடர்புக்கு அதை நம்பாதீர்கள்.

21. ரெண்டு வருஷமா வராத பழைய ஆளுங்க இருக்காங்க. குரூப்ல மெசேஜ் போட்டா பார்த்துட்டு விட்டுடறாங்க.

குழுவில் போடும் ‘அனைவரும் வருக’ யாருக்கும் வந்த அழைப்பில்லை. போன் செய்யுங்கள். எந்தத் தேதி, எந்த மணி, எந்த பட்டை, எந்த வேலை என்று சொல்லிக் கேளுங்கள்: “அண்ணா, அக்டோபர் கடைசி சனி சாயங்காலம் 4-லிருந்து 4:45 வரைக்கும் 15 மீட்டர் உங்களோடது. பக்கத்துல ஒரு புதுப் பொண்ணு உக்காரும், அதுக்குக் கேக்கக் கத்துக்குடுங்க.” அவர் ஏன் நின்றார் என்று போனில் விசாரிக்க வேண்டாம். ஆன்டெனா விழுந்து கிடக்கிறது என்பார் பெரும்பாலும். அப்படிச் சொன்னால் அந்த வாரமே உண்டிவில்லும் கயிறும் எடுத்துக்கொண்டு இருவர் அவர் வீட்டுக்குப் போங்கள்.